பேட்டரித் துப்பாக்கி: உள்ளே என்ன இருக்கிறது?

ஏற்காடு கோடை விழாவை ஒட்டி, செம்மநத்தம் போன்ற மலைக் கிராமக் கடைகளிலும் நாம் விளையாட்டுத் துப்பாக்கிகளை வைத்து விற்கிறோம். வெளித்தோற்றத்தைப் பார்த்துச் சரக்கு எடுத்தால் போதாது. உள்ளமைப்பையும் அறிய வேண்டும்.

ஜப்பானின் டோக்கியோ மருய் நிறுவனம் 1991-ல் மின்சாரத் துப்பாக்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மோட்டார் பற்சக்கரங்களைச் சுழற்றும். அவை பிஸ்டனைப் பின்னுக்கு இழுத்து ஸ்பிரிங்கை அழுத்தும். விடுபட்ட பிஸ்டன் காற்றைத் தள்ள, 6 மி.மீ. பிளாஸ்டிக் குண்டு பாயும்.

முன்பு முழு மின்சாரமும் விசை வழியே சென்றதால் அதன் முனைகள் கருகின. பிற்காலத்தில் மாஸ்ஃபெட் என்ற மின்னணுச் சுவிட்சு அச்சுமையை ஏற்றது. பால் பேரிங்கும் லித்தியம் பேட்டரியும் வந்தன. வலுவான ஸ்பிரிங்கையும் இயக்க முடிந்தது.

இவை பெரியவர்கள் கண்கவசம் அணிந்து ஆடும் ஆட்டத்துக்கானவை. குண்டு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். 14 வயதுக்குட்பட்டோர் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரையில்லாப் பெட்டியை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் நாம் வாங்க வேண்டாம்.