நின்ற மின்னோடியின் மறுப்பு

மாறுமின்னோட்டம் கம்பிச்சுருளுள் பாயுங்கால் அதற்கு நேரும் எதிர்ப்பு இரு கூறுடையது. கம்பியின் இயல்பால் எழுந்து ஆற்றலை வெப்பமாக்குவது தடை. மாறும் காந்தப்புலத்தால் எழுந்து ஆற்றலை வாங்கித் திருப்பித் தருவது மறுப்பு. செங்கோண முக்கோணத்தின் இரு சிறுபக்கங்களாக இவை நிற்க, நீள்பக்கமாக அமைவதே முழுஎதிர்ப்பு.

சுங்கை ஊடாங்கின் எண்ணெய்த் தூய்விப்பாலை முதல் மலாக்காத் தோட்டங்களின் நீரேற்றும் கொட்டகைகள் வரை பெரிதும் உழைப்பது மும்முனைத் தூண்டல் மின்னோடியே. நொடிக்கு 50 சுழற்சியுள்ள மின்னோட்டத்தில், நான்கு காந்தமுனை கொண்ட மின்னோடியின் காந்தப்புலம் மணித்துளிக்கு 1500 சுற்றுச் சுழல, சுழலி ஏறத்தாழ 1450 சுற்றில் பின்தொடர்கிறது. இப்பின்னடைவே நழுவல். விசையை அழுத்தும் அக்கணத்திலோ சுழலி அசையாது நிற்பதால் நழுவல் முழுமையாகிறது. இரண்டாம் சுருள் குறுக்கிணைந்த மின்மாற்றியின் நிலையை மின்னோடி அடைகிறது. அப்போது மின்னோட்டத்தைத் தாங்கிப் பிடிப்பவை சுருள்களின் தடையும், இரு சுருளையும் பிணைக்காது வழுவும் கசிவுப் புலத்தின் மறுப்புமே. ஆதலின் முழுச்சுமை மின்னோட்டத்தைப்போல் ஐந்து முதல் எட்டு மடங்கு பாய்கிறது.

இப்பெருக்கை முன்கூட்டியே அளந்தறியலாம். 400 வோல்ட், 15 கிலோவாட் மின்னோடியொன்றின் முழுச்சுமை மின்னோட்டம் 28 ஆம்பியர் எனக் கொள்வோம். சுழலி திரும்பாதவாறு தண்டை இறுகப் பிணித்து, மின்னழுத்தத்தைச் சுழியிலிருந்து மெல்ல உயர்த்தினால், அளவியின் முள் 28-ஐத் தொடுகையில் அழுத்தம் 80 வோல்ட், திறன் 1550 வாட் என்க. 80-ஐ மூன்றின் இருபடி மூலத்தாலும் 28-ஆலும் வகுக்க முழுஎதிர்ப்பு 1.65 ஓம், திறனை மின்னோட்ட இருபடியின் மும்மடங்கால் வகுக்கத் தடை 0.66 ஓம், இருபடிகளைக் கழித்து மூலங்காண மறுப்பு 1.51 ஓம். 400 என்பது 80-இன் ஐந்து மடங்காதலின் தொடக்க மின்னோட்டம் 140 ஆம்பியர். மெய்யில் சற்று மிகும். பெருமின்னோட்டத்தில் இரும்பு நிறைவுற்றுக் கசிவு மறுப்பு தாழ்வதே அதற்கு ஏது. முதல் அரைச்சுழற்சியின் முகடு இன்னும் உயரக்கூடும். ஆயினும் தடை அவ்வேற்றத்தைச் சில சுழற்சிகளுள் தணித்துவிடும்.

இக்கணக்கின்றி உருகியின் அளவைத் தேர்வது குத்துமதிப்பே. நெடுங்கம்பியின் கடைக்கோடியிலுள்ள தோட்டத்து லயங்களில், நீரேற்றி கிளம்பும்போது விளக்குகள் மங்குவதும் இத்தொடக்கப் பெருக்காலேயே: கம்பியின் எதிர்ப்பு 0.1 ஓம் எனினும், 140 ஆம்பியர் பாய்கையில் முனையொன்றுக்கு 14 வோல்ட் வரை வழியிலேயே குறையும். இதைத் தணிக்க, சுருள்களை முதலில் உடுவடிவிலும் பின் முக்கோணமாகவும் இணைக்கும் உடு–முக்கோணத் தொடக்கி மின்னோட்டத்தை மூன்றிலொரு பங்காக்கி 47 ஆம்பியருக்கு இறக்கும். முறுக்குவிசையும் அவ்வாறே குறையும். ஆயினும் தொடக்கத்தில் சுமை குறைந்த நீரேற்றி எளிதில் கிளம்பும். உருளைகளுக்கிடையே உறைந்த பால் சிக்கிய இரப்பர் எந்திரமோ அசையாது முனகும். முதலில் உருளைகளை வெறுமையாக்கல் வேண்டும்.