ஆழத்துப் பாறை மேலெழும் விதம்

சென்னையின் பரங்கிமலையும் பல்லாவரத்துக் குன்றுகளும் உயரத்தால் சிறியவை. ஆனால் அவற்றின் கல் பேராழத்தைக் கண்டது. எண்ணெய் பூசினாற்போல் மினுங்கும் அக்கருங்கல்லுக்குச் சார்னோகைட் என்று பெயர். கொல்கத்தாவிலுள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைப் பலகையும் இவ்வகைக் கல்லே. அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து, 1893ஆம் ஆண்டில் இப்பெயரைச் சூட்டினார். கல்லறை ஒன்று பாறைக்குப் பெயர் தந்தது விந்தைதான்!

இக்கல் ஆழத்தில் உருவானதென எவ்வாறு அறிகிறோம்? அதிலுள்ள கனிமங்களே சான்று. ஹைப்பர்ஸ்தீன் என்னும் நீரற்ற கனிமம் இதில் காணப்படுகிறது. இத்தகைய கனிமக் கூட்டு உருவாக 700 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். உடனிருக்கும் கனிமங்களைக் கொண்டு அழுத்தத்தைக் கணக்கிட்டால், ஆழம் 20 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. இவை நிகழ்ந்து ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் ஆகின்றன.

அவ்வாறாயின், மேலே இருந்த 20 கிலோமீட்டர் பாறை எங்கே போயிற்று? அவ்வளவு உயரமான மலை உலகில் எங்கும் நின்றிருக்க இயலாது. விடை, மிதத்தலில் உள்ளது. தோணியிலிருந்து சுமையை இறக்க இறக்க அது நீரைவிட்டு மேலெழுகிறதன்றோ? புவியின் மேலோடும் அத்தகையதே. அதன் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.8 கிராம், அடியிலுள்ள கவசத்தின் அடர்த்தி 3.3 கிராம். கவசம் திடப்பொருளே எனினும், நெடுங்காலப் போக்கில் மெல்ல நகர்ந்து இடங்கொடுக்கும். மழையும் ஆறும் ஒரு கிலோமீட்டர் பாறையை அரித்துச் சென்றால், சுமை குறைந்த மேலோடு ஏறத்தாழ 850 மீட்டர் உயர்ந்துவிடும். மலை உண்மையில் தாழ்வது 150 மீட்டர் மட்டுமே. எனவே 5 கிலோமீட்டர் உயரமுள்ள நிலம் சமவெளியாக வேண்டுமெனில், 30 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பாறை அரிபட வேண்டும். அதற்குள் அடியில் கிடந்தது வெளிப்பட்டுவிடுகிறது.

எனினும், அரிப்பு ஒன்றே எல்லா இடத்திற்கும் விடையாகாது. இத்தாலியின் ஆல்ப்ஸ் பகுதியான டோரா மைராவில், கார்னெட் மணிகளுக்குள் கோசைட் என்னும் கனிமத்தை 1984ஆம் ஆண்டில் கிறிஸ்டியன் ஷோப்பான் கண்டறிந்தார். குவார்ட்சின் செறிந்த வடிவமான இது ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஆழத்து அழுத்தத்தில் உருவாவது. அங்கே, ஒரு நிலத்தட்டு மற்றொன்றின் கீழ் அமிழ்ந்தபோது கண்ட மேலோட்டின் ஒரு துண்டும் உடன் இழுக்கப்பட்டது. கவசத்தைவிட எடை குறைந்த அத்துண்டு, தட்டிலிருந்து பிய்ந்து மேல்நோக்கி உந்தப்பட்டது. மெதுவாக வந்திருந்தால் கோசைட் முழுவதும் குவார்ட்சாகத் திரும்பியிருக்கும். விரைந்து எழுந்தமையாலும், கார்னெட் உறுதியான சிமிழாய் அதை மூடிக் காத்தமையாலும் ஒரு பகுதி எஞ்சியது.