சரக்கும் சாதுரியமும்

புதிய சரக்கொன்றைச் சந்தையில் இறக்குகிறவர்களுக்கு இக்காலத்தில் சாதுரியத்துக்குக் குறைவில்லை. கண்ணைக் கவரும் படமும், காதில் ஒட்டிக்கொள்ளும் பாட்டும், நட்சத்திரங்களின் புன்னகையும் பணம் கொடுத்தால் கிடைக்கும். வாங்குகிறவனுடைய மனத்தை அறியும் பொறுமைதான் அரிதாயிருக்கிறது. கற்பனை முந்த வேண்டுமா, வாடிக்கைக்காரரின் தேவை முந்த வேண்டுமா என்று வியாபாரிகள் தர்க்கம் செய்வதைக் கேட்கிறோம். இவ்விரண்டையும் எதிரிகளாகப் பாவிப்பதே பிசகு என்பது நமது அபிப்பிராயம். கற்பனைக்கு வேலை கொடுக்கும் எஜமான் தேவையே. நமது தேசத்தில் நடந்த இரண்டு விருத்தாந்தங்கள் இதை விளக்கப் போதும்.

முதலாவது, டாட்டா கம்பெனியாரின் நானோ மோட்டார் வண்டி. ஒரே ஸ்கூட்டரில் கணவன், மனைவி, குழந்தைகள் என்று குடும்பமே நெருக்கியடித்துக்கொண்டு மழையில் செல்வதைக் கண்ட ரத்தன் டாட்டா, அவர்களுக்கென ஒரு வண்டி செய்ய உறுதி கொண்டார். இதைவிட உயர்ந்த நோக்கம் வேறென்ன இருக்க முடியும்? 2008 ஜனவரியில் டில்லிக் கண்காட்சியில் அவ்வண்டி வெளியிடப்பட்டபோது, விலை 1 லட்சம் ரூபாய் என்ற சொல் உலகெங்கும் பரவியது. 624 சி.சி. எஞ்சினைப் பின்புறம் அமைத்து, கண்ணாடி துடைக்கும் கோல் ஒன்றே போதுமென்று நிறுத்தி, சக்கரத்துக்கு மூன்றே திருகாணிகள் வைத்து, காசுக்குக் காசு கணக்குப் பார்த்துச் செய்த வேலைத் திறன் மெச்சத்தக்கதே. 2009-இல் 2 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் முன்பணம் கட்டினார்கள். ஆண்டுக்கு 2½ லட்சம் வண்டிகள் செய்யக்கூடிய தொழிற்சாலை குஜராத்தில் சானந்தில் எழுந்தது. ஆயினும், விற்பனை எந்த ஆண்டிலும் 1 லட்சத்தை எட்டவில்லை. 2018-இல் உற்பத்தி ஏறக்குறைய நின்றுபோயிற்று.

காரணங்கள் பல உண்டு. வங்காளத்தில் சிங்கூரில் எழுந்த நிலப் போராட்டத்தினால் 2008-இல் தொழிற்சாலையை இடம் மாற்ற நேர்ந்ததும், சில வண்டிகள் தீப்பற்றியதும் பெரிய இடையூறுகளே. ஆனால் எல்லாவற்றிலும் ஆழமாகத் தைத்தது ஒரு சொல். உலகத்திலேயே மலிவான கார் என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. ஸ்கூட்டரை விட்டுக் காரில் ஏறுகிற மனிதன் மழைக்கு ஒதுங்குவதற்காக மட்டுமா ஏறுகிறான்? தெருவில் நாலு பேர் தன்னை மதிக்க வேண்டும் என்றும் அல்லவா ஏறுகிறான்? அவன் வாசலில் நிற்கும் வண்டி அவனுடைய வறுமைக்குச் சாட்சி சொல்லுமானால், அதை அவன் எப்படி விரும்புவான்? மலிவு என்று சொல்லி விற்றது தவறென்று ரத்தன் டாட்டாவே பிற்காலத்தில் வெளிப்படையாகக் கூறினார். பின்கதவைத் திறந்து மூட்டை முடிச்சு வைக்கும் வசதிகூட 2015-இல்தான் வந்தது. ஊருக்குப் போகும் குடும்பத்தைக் கேட்டிருந்தால் முதல் நாளிலேயே சொல்லியிருக்கும்.

இரண்டாவது, நமது கடலூரில் பிறந்தது. புட்டியில் அடைத்த ஷாம்பு வசதியுள்ளவர் வீட்டுப் பொருளாயிருந்த காலத்தில், அதைச் சிறு பாக்கெட்டில் அடைத்தால் ஏழையும் வாங்கலாம் என்று கண்டவர் சின்னி கிருஷ்ணன். அவருடைய குமாரர் சி.கே. ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாய் முதலுடன் தனியே தொழில் தொடங்கி, சிக் ஷாம்புவை வெளியிட்டார். அன்றாடக் கூலியில் குடித்தனம் நடத்துபவரிடம் காசு அறவே இல்லாமலில்லை; மொத்தமாகக் கொடுக்க இல்லை. பாக்கெட் அந்த முடிச்சை அவிழ்த்தது. ஷாம்புவை அறியாத கிராமங்களுக்கு ஆட்களை அனுப்பி, ஊரார் முன்னிலையில் சிறுவர்களின் தலைக்குத் தேய்த்துக் காட்டினார்கள். காலிப் பாக்கெட்டுகளைக் கொண்டுவந்தால் புதியது இனாம் என்றார்கள். பூவை விரும்பும் பெண்களுக்காக மல்லிகை, ரோஜா மணம் சேர்த்தார்கள். இவற்றில் ஒவ்வொன்றும் நல்ல கற்பனையே. ஒவ்வொன்றும் வாங்குகிறவருடைய ஒரு தயக்கத்தைத் தீர்க்கவே பிறந்தது.

வாடிக்கைக்காரர் கேட்பதை மட்டும் செய்தால் புதுமை ஏது என்று சிலர் ஆட்சேபிக்கலாம். நியாயமான ஆட்சேபணைதான். எனக்கு ஷாம்புவைப் பாக்கெட்டில் கொடு என்று எந்தக் கூலிப் பெண்ணும் மனுப் போடவில்லை. தேவை அவளுடையது, அதற்கு வழி காண்பது வியாபாரியின் கடமை. அவள் வாயிலிருந்து வழியை எதிர்பார்ப்பது சோம்பல். அவள் தேவையை ஆராயாமல் வழியை வகுப்பது ஆணவம். இன்னொன்றையும் மறைக்கலாகாது. அதே பாக்கெட்டுகள் இன்று பிளாஸ்டிக் குப்பையாகி நமது சாக்கடைகளை அடைக்கின்றன. வாங்குகிறவரின் தேவை உறையைக் கிழித்ததோடு முடிவதில்லை. அவருடைய தெருவும் அவருடைய தேவையே. அடுத்த கற்பனைக்கு அங்கே வேலை காத்திருக்கிறது.

1906-இல் வ.உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவியபோது, தேசாபிமானமே அதற்குப் பாயும் காற்றுமாயிருந்தது. அன்னியக் கம்பெனியோ கட்டணத்தைக் குறைத்துப் போட்டியிட்டது. அபிமானத்தோடு கூட அன்றாடச் சௌகரியமும் சேர்ந்தாலன்றித் தொழில் நிலைக்காது என்பதே அதிலிருந்து நாம் பெறும் பாடம். சுதேசிச் சரக்கு என்று அச்சடித்துவிட்டால் ஜனங்கள் குறையைப் பொறுத்து வாங்கிக்கொள்வார்கள் என்று எண்ணுவது அவர்களுடைய பக்தியைச் சுரண்டுவதாகும்.

வீட்டு நகையை அடகு வைத்து மசாலைப் பொடியோ, சவுக்காரமோ, பம்புசெட்டோ செய்து இறக்கும் சிறு முதலாளிகள் நமது ஜில்லாக்களில் ஏராளம். அவர்களுக்கு டாட்டாவைப்போல் நஷ்டத்தைத் தாங்கும் தோள் இல்லை; ஒரு சரக்கு விழுந்தால் ஒரு குடும்பமும் பத்துத் தொழிலாளிகளும் சேர்ந்து விழுகிறார்கள். ஆகையால் விளம்பரக்காரரிடம் போகுமுன் அவர்கள் வாங்கப்போகிறவரின் வீட்டுத் திண்ணையில் ஒரு நாழிகை உட்காரட்டும். அவர் கையில் என்றைக்குப் பணம் இருக்கிறது, எதற்குக் கூச்சப்படுகிறார், எதற்குப் பெருமைப்படுகிறார் என்று கேட்டறியட்டும். அதன்பின் எழும் கற்பனை வீண்போகாது.