மெய்யெதிரொலியும் பொய்யெதிரொலியும்

பதுளைக்கு அருகே நமுனுகுல மலைச்சாரலில் நின்று ஒருவர் உரக்கக் கூவினால், அருகிலுள்ள பாறை முதலில் விடையளிக்கும். எதிர்மலை சற்றுப் பின்னர் விடையளிக்கும். எக்குரல் எங்கிருந்து வந்ததென அறிதல் எளிதன்று. எண்ணெய்த் தாங்கியின் மட்டத்தை ராடர் கருவியால் அளப்போர்க்கும் இவ்விடரே நேர்கிறது.

தாங்கியின் முகட்டிலிருந்து கருவி வானலைகளைக் கீழே செலுத்தும். அவை எண்ணெய்ப் பரப்பிற் பட்டு மீளும் நேரத்தைக் கொண்டு மட்டம் கணிக்கப்படும். ஆயின், உள்ளிருக்கும் ஏணியும் குழாயும் அவ்வலைகளைத் திருப்பியனுப்புகின்றன. நீர்ப்பரப்பு அலையை வலுவாகத் திருப்பும். டீசல் சிறு பங்கையே திருப்பும். ஆகவே, டீசல் தாங்கியில் ஏணியின் பொய்க்குரல் மெய்க்குரலை விஞ்சக்கூடும். தேயிலைத் தொழிற்சாலையொன்றில் வெறுந்தாங்கி நிறைந்ததாகத் தோன்றினால், மின்தடை நேரும்போது மின்பிறப்பாக்கி இயங்காது.

இதற்குப் பரிகாரங்கள் உண்டு. கருவியைச் சுவரையும் எண்ணெய் விழும் குழாயையும் விட்டு விலக்கிப் பொருத்த வேண்டும். அலைக்கற்றை குறுகியதாயின் ஏணியிற் படாது செல்லும். ஒரே அளவுள்ள அலைவாங்கியில், 26 கிகாஹேர்ட்ஸ் அலையினும் 80 கிகாஹேர்ட்ஸ் அலை குறுகிச் செல்வது. மூன்றாவதாக, வெறுந்தாங்கியின் எதிரொலிகளைக் கருவியின் நினைவிற் பதித்து, அவற்றைப் புறக்கணிக்கச் செய்யலாம்.

இங்குதான் விழிப்பு வேண்டும். தாங்கி பாதி நிறைந்திருக்கையில் அவ்வாறு பதித்தால், எண்ணெய்ப் பரப்பின் மெய்க்குரலும் பொய்யெனப் பதிவாகிவிடும். பின்னர் எண்ணெய் அதே மட்டத்துக்கு வரும்போது கருவி அதனைக் காணாது. எனவே, பதித்த பின்னர் பழைய அளவுகோலை ஒருமுறை தாங்கியில் இறக்கி ஒப்புநோக்குதல் அறிவுடைமையாகும்.