வழுக்காத தரையே அழகான தரை

போருக்குப் பின்னர் கரையோரக் கிராமங்களில் கட்டப்பட்ட வீடுகள் பல இப்போது திருத்தப்படுகின்றன. சீட்டுக் காசிலோ கடனிலோ குளியலறைக்கு ரைல்ஸ் வாங்கப் போகும் பெண்கள் கடையில் முதலில் பார்ப்பது கடல் நீலத்தையும் மினுக்கத்தையும்தான்.

ஆனால் முதலில் பார்க்க வேண்டியது பிடிமானத்தை. செயற்கைக் கால் பொருத்திய சகோதரியோ, கர்ப்பிணியோ, வயதான அம்மாவோ ஈரத்தில் விழுந்தால் குடும்பமே தளர்ந்துவிடும். தரைக்கு மினுக்கமற்ற, சொரசொரப்பான ரைல்ஸைக் கேளுங்கள். பெட்டியில் ஆர் 10, ஆர் 11 என்றிருந்தால் நல்லது. எண் கூடக் கூடப் பிடிமானமும் கூடும். சிறிய ரைல்ஸில் இணைப்புகள் அதிகம் என்பதால் வழுக்குவது குறையும்.

ரைல்ஸின் பின்புறத்தில் சில துளி நீர் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சினால் அது சுவருக்கே ஏற்றது. போர்சிலின் வகை 0.5 வீதத்துக்கு மேல் நீரை உறிஞ்சாது. உவர்நீர் புழங்கும் வீட்டுத் தரைக்கு அது உகந்தது.

கலவைக்குக் கழுவாத கடல் மணலைச் சேர்க்க விடாதீர்கள். அதிலுள்ள உப்பு பின்னர் வெள்ளையாகப் பூக்கும். நீர் வடிந்தோட ஒரு மீற்றருக்கு 2 சென்ரிமீற்றர் சரிவு வையுங்கள். உடைவுக்காக நூற்றுக்குப் பத்துக் கூடுதலாக, ஒரே தொகுதி இலக்கத்தில் வாங்குங்கள்.

பணம் போதாவிட்டால் தரைக்கு மட்டும் நல்ல ரைல்ஸ் பதியுங்கள். சுவருக்குச் சீமெந்துப் பூச்சும் நீல வர்ணமும் போதும். மேசன் வேறு சொன்னாலும் தயங்காமல் கேளுங்கள். அந்தத் தரையில் நாளாந்தம் நடக்கப் போவது நீங்கள்தான்.