பழந்தேருக்குப் புதுக்கோல்

ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பிப்போர்க்கும் பழைய மோட்டார் வண்டிகளைப் பேணுவோர்க்கும் பொதுவான இடர்ப்பாடு ஒன்றுண்டு. சிதைந்த இடத்தை எதனைக்கொண்டு நிரப்புவது என்பதே அது. செல்லரித்த சொல்லைத் தம் மனம்போனவாறு திருத்துபவர் நூலைப் படிப்பதற்கு எளிதாக்குகின்றார். ஆயின் நூலாசிரியனை இழந்துவிடுகின்றார். வண்டிக்கும் இஃது ஒக்கும்.

இலங்கையிற் பழைய ஆங்கில வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. 1948ஆம் ஆண்டில் வெளிவந்த மொறிஸ் மைனரை அறியாதார் சிலரே. அதன் உறவினவாகிய ஸ்போர்ட்ஸ் கார்களை அறிந்தாரும் சிலரே. 1958இல் வந்த ஒஸ்ரின் ஹீலி ஸ்பிரைட்டும் 1961இல் வந்த எம்.ஜீ. மிட்ஜெற்றும் அத்தகையன. 1956இன் மைனர் 1000 வண்டியில் அமைந்த 948 கனசென்ரிமீற்றர் இயந்திரக் குடும்பமே இவற்றையும் இயக்கிற்று.

பொத்துவிலைச் சேர்ந்த என் பழைய மாணவர் ஒருவரிடம் ஸ்பிரைட் ஒன்று உண்டு. அவர்தம் வாப்பா பேணிய வண்டி. அதன் கியர்க்கோல் தளர்ந்து ஆடிற்று. மூன்றாங் கியரைத் தேடிப் பிடிக்க வேண்டியதாயிற்று. குறுங்கோல் ஒன்றை வெளிநாட்டிலிருந்து தருவிக்கலாம் என்றார் ஒருவர். தளத்தகட்டை வெட்டி ஐந்து கியர்ப் பெட்டியையே பூட்டலாம் என்றார் மற்றொருவர். “சேர், இதில் எதைச் செய்தாலும் அது வாப்பாவின் கார்தானா?” என்று மாணவர் வினவினார். இதற்கு விடை காண இருவகைக் கல்வியும் வேண்டும்.

முதலிற் பொறியியலைக் காண்போம். கியர்க்கோல் ஒரு நெம்பு. பாடசாலை விஞ்ஞான நூல் கூறும் பொறுதி, சுமை, எத்தனம் ஆகிய மூன்றும் அதிலுண்டு. கோலின் இடையிலுள்ள மூட்டே பொறுதி. கீழ்முனை தள்ளும் தண்டே சுமை. கையின் விசையே எத்தனம். பொறுதிக்கு மேலே 20 சென்ரிமீற்றரும் கீழே 4 சென்ரிமீற்றரும் இருப்பதாகக் கொள்வோம். கீழ்முனை 1 சென்ரிமீற்றர் நகரக் கை 5 சென்ரிமீற்றர் நகரவேண்டும். மேற்பகுதியை 15 ஆகக் குறைத்தாற் கையின் நகர்வு 3.75 ஆகும், ஆயின் வேண்டிய விசை மூன்றிலொரு பங்கு கூடும். மேற்பகுதியை விட்டுக் கீழ்ப்பகுதியை 5 ஆக நீட்டினாற் கை 4 நகர்ந்தாற் போதும். விசை காற்பங்கு கூடும். தூரத்தில் மிச்சம் பிடித்ததை விசையிற் செலுத்தியே தீரவேண்டும்.

அன்றியும், பெட்டியினுள் வெவ்வேறு வேகத்திற் சுழலும் பற்சில்லுகளை ஒத்த வேகத்துக்குக் கொணர்வன வெண்கல வளையங்கள். உராய்ந்தே பணிசெய்யும் அவற்றுக்குச் சிறிது நேரம் வேண்டும். குறுங்கோலை வெடுக்கெனத் தள்ளுபவர் அந்நேரத்தைக் கொடாராயின் வளையங்கள் விரைவில் தேயும். ஸ்பிரைட்டின் முதற் கியருக்கோ அவ்வளையமே இல்லை.

ஆகவே, கோலை வாங்குமுன் குறையின் வேரைக் காண்டல் வேண்டும். கோலின் அடியிலுள்ள புஷ் தேய்ந்துள்ளதா? அதிர்வை அடக்கும் சிறு சுருள்வில் துருப்பிடித்துள்ளதா? பெட்டியைத் தாங்கும் இறப்பர் வெடித்துள்ளதா? கிளச் மிதியை அழுத்தும்போது கீழ்ச்சிலிண்டரில் எண்ணெய் கசிகின்றதா? கிளச் முற்றாக விடுபடாவிடின் எக்கோலும் பயன்படாது. எண்ணெயையும் நோக்குக. ஸ்பிரைட்டின் பெட்டிக்கு உற்பத்தியாளர் விதித்தது இயந்திர எண்ணெயே. கந்தகச் சேர்க்கை மிகுந்த ஜீ.எல். 5 வகை எண்ணெய்களுட் சில வெண்கலத்தை அரிக்க வல்லன.

மாணவரின் வண்டியிற் புஷ் தேய்ந்து மெலிந்திருந்தது. சுருள்வில்லைக் கடற்காற்றின் உப்புத் தின்றிருந்தது. கிளச்சின் கீழ்ச்சிலிண்டரும் கசிந்தது. மூன்றும் சிறு பொருள்களே. அவற்றை மாற்றியபின் மூன்றாங் கியர் தன் இடத்திலேயே அகப்பட்டது.

இவ்வாறு செப்பனிட்ட பின்னும் குறுங்கோல் வேண்டுவோர் சிலவற்றைக் கருதுதல் நன்று. நகர்வைக் காற்பங்குக்கு மேல் குறைக்கும் கோல் நாளாந்த ஓட்டத்துக்கு உகந்ததன்று. இருக்கும் துளைகளிலேயே பூட்டத்தக்கதாக அது இருத்தல் வேண்டும். வெட்டுதலும் காய்ச்சி ஒட்டுதலும் வேண்டியதாயின் விலக்குக. முழுதும் உலோகமாயின் பெட்டியின் இரைச்சல் கைக்கு ஏறும். இடையில் இறப்பரோ நைலோனோ இருப்பது நலம். பழைய குமிழ் பொருந்தும் புரி அதிலுண்டா என்று பார்க்க. எல்லாக் கியர்களிலும் கை எதிலும் இடியாமையைச் சோதித்தறிக. கழற்றிய பழங்கோலை எண்ணெய்த் துணியிற் சுற்றிக் காப்பதும் கடமையே.

ஐந்து கியர்ப் பெட்டியை நாடுவோரை நான் பழிக்கவில்லை. ஃபோர்ட் நிறுவனத்தின் டைப் 9 பெட்டியை இத்தகைய வண்டிகளுக்குப் பூட்டுவோர் உலகெங்கும் உளர். இரத்தினபுரி வழியாகக் கொழும்புக்குச் செல்லும் ஏ4 நெடுஞ்சாலையில் நாள்தோறும் ஓடவேண்டிய வண்டியாயின் இயந்திரத்தின் இளைப்பை அது குறைக்கும். எப்போதாவது வெளியெடுக்கும் வண்டிக்கு அத்துணைச் சிகிச்சை வேண்டுவதில்லை.

இனி மாணவரின் வினா. 1894இற் புறநானூற்றைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், சிதைந்த இடங்களிற் சொந்தச் சொற்களைப் பெய்யாது புள்ளியிட்டு விட்டார். வண்டியிற் புள்ளியிட முடியாது, அது ஓடவேண்டும். எனவே இலக்கணத்தின் வேறொரு பக்கத்தைப் புரட்ட வேண்டியவரானோம். புணர்ச்சியில் எழுத்துத் தோன்றும், திரியும், கெடும். மரமும் வேரும் கூடி மரவேர் ஆகும்போது மகரம் மறைகின்றது, மரம் மறைவதில்லை. புஷ்ஷும் வில்லும் அத்தகைய எழுத்துகள். அவற்றை மாற்றினால் வண்டி மாறாது. தளத்தை வெட்டுவதோ பகுதியையே சிதைப்பதாகும். மீண்டும் பழைய சொல்லைப் பெற வழியில்லை.

மாணவர் பழைய நீளத்துக் கோலையே வைத்துக்கொண்டார். வாப்பாவின் உள்ளங்கை தேய்த்து மெருகேற்றிய குமிழும் அதன் தலையிலேயே இருக்கின்றது. பழம்பொருளைப் பேணுவோர் எந்த மாற்றத்தையும் செய்க. அதனை மறையாது செய்க. பின்வருவோர் விரும்பின் மீட்டெடுக்குமாறு செய்க.