காவிரிக் கரையில் கெளுத்திக்குக் காத்திருப்பவர்கள்

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன் பெங்களூர் கலாசிப்பாளையம் பக்கம் போய்ப் பார்த்தால், கனகபுராவுக்கும் கொள்ளேகாலுக்கும் பஸ் ஏற நிற்கும் கூட்டத்தில் இரண்டு மூன்று பேராவது மூங்கில் கழியைத் துணியில் சுற்றிக் கையில் வைத்திருப்பார்கள். தோளில் ஒரு பை. பைக்குள் பால் பவுடர் டப்பா. டப்பாவுக்குள் ஈர மண்ணும் மண்புழுவும்.

வாரம் முழுவதும் பீன்யாவில் லேத் முன் நின்றவர் ஒருவர். ஏதோ ஒரு கம்பெனியில் பில் எழுதியவர் ஒருவர். பேச்சைக் கேட்டால் ஒருவருக்குக் கரூர்ப் பக்கம், ஒருவருக்குத் தர்மபுரி, இன்னொருவர் கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவர். கரூர், தர்மபுரிக்காரர்கள் ஊரில் எந்த ஆற்றில் குளித்தார்களோ அதே ஆற்றின் மேல்பகுதிக்குத்தான் பஸ் ஏறுகிறார்கள். கோலார் தங்கவயல்காரர்களுக்கு இந்த ஆற்றோடு வேறொரு உறவு உண்டு. 1902ஆம் ஆண்டு சிவசமுத்திரத்தில் காவிரி நீரால் எடுத்த மின்சாரம் முதலில் போய்ச் சேர்ந்தது அந்தச் சுரங்கங்களுக்குத்தான்.

காவிரியில் தூண்டில் என்றாலே மகசீர் என்ற பெரிய செதில் மீனைத்தான் உலகம் பேசுகிறது. சென்னை மாகாண சிவில் சர்வீசில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்ற வெள்ளைக்காரர் 1873இல் இந்தியாவில் தூண்டில் போடுவது பற்றி ஒரு பெரிய புத்தகமே எழுதினார். மைசூரில் புலி, சிறுத்தைகளைப் பாடம் செய்து கொடுத்த வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்தவர் 1946இல் 120 பவுண்டு மகசீர் பிடித்ததை இன்றைக்கும் சொல்வார்கள். அதெல்லாம் விலை உயர்ந்த கோலும் சக்கரமும் வைத்திருந்தவர்களின் விளையாட்டு. பஸ்ஸில் போகும் நம்மவர்களுக்கு வேண்டியது மீசை வைத்த மீன். கெளுத்தி கிடைத்தால் போதும். வாளை கிடைத்தால் அன்று திருவிழா.

மீசை எதற்கு?

கெளுத்தி வகை மீன்களுக்குச் செதில் கிடையாது. வழவழப்பான தோல். வாயைச் சுற்றி மீசை. அந்த மீசைதான் அதற்கு நாக்கு. நாம் வாயில் போட்ட பிறகுதான் உப்பா புளிப்பா என்று அறிகிறோம். கெளுத்தி சேற்றுத் தண்ணீரில் கண் தெரியாத இருட்டிலும் மீசையால் தடவியே இரையின் ருசியை அறிந்து விடும். அதனால்தான் புதுத் தண்ணீர் வந்து ஆறு கலங்கியிருக்கும்போதும், பொழுது சாய்ந்த பிறகும் கெளுத்தி நன்றாகக் கடிக்கிறது. வெயில் ஏறிய பதினொரு மணிக்குப் போய்த் தூண்டில் போட்டுவிட்டு ஆற்றில் மீனே இல்லை என்று சொல்வதில் பயனில்லை.

இந்த மீனுக்குக் காதும் கூர்மை. உடம்புக்குள் இருக்கும் காற்றுப்பையையும் உள்காதையும் சிறு எலும்புகள் இணைக்கின்றன. கரையில் தொம்தொம்மென்று நடந்தால் அது தண்ணீருக்குள் தெரியும். டிரான்சிஸ்டர் காலத்திலிருந்து இன்றைய செல்போன் வரை ஆற்றங்கரையில் பாட்டுப் போடுகிற நண்பரை ஐம்பது அடி தள்ளி உட்கார வைப்பதே நல்லது.

கெளுத்தி தரையோடு தரையாக மேய்கிற மீன். ஆகவே தக்கை கட்டி இரையைப் பாதித் தண்ணீரில் தொங்கவிடுவதைவிட, ஈயக்குண்டு கட்டி அடியில் கிடக்க விடுவது மேல். ஈயத்துக்குக் கீழே ஒரு முழம் நரம்பு, அதன் நுனியில் முள். மண்புழுவை முள் தெரியாமல் கோக்க வேண்டும். கோழிக் குடலும் ஈரலும் இன்னும் நல்லது. நாற்றம்தான் அங்கே அழைப்பிதழ். மகசீருக்குக் காவிரிக் கரையில் கேழ்வரகு மாவைக் களியாகக் கிண்டி உருட்டிப் போடுவது பழைய வழக்கம். கெளுத்திக்கு அந்தச் சைவச் சாப்பாடு அவ்வளவாகப் பிடிக்காது.

வாளைக்கு வேறு கணக்கு. கன்னடத்தில் இதையே 'பாளெ' என்கிறார்கள். சொல்லிலேயே உறவு தெரிகிறது. அகன்ற வாய், உள்ளே சீப்புப் போலப் பல். கரை ஓரத்துப் பொந்துகளிலும் மடுவின் ஆழத்திலும் பகலெல்லாம் பதுங்கிக் கிடந்து, இருட்டியதும் சின்ன மீன்களைத் தேடிப் புறப்படும். சிறு மீனையே இரையாகக் கோத்தால்தான் அது மதிக்கும். வெறும் நைலான் நரம்பைப் பல்லால் அறுத்துவிடும் என்பதால் முள்ளுக்கு மேலே ஒரு சாண் மெல்லிய கம்பி கட்டுவார்கள். தொட்டவுடன் சுண்டி இழுப்பது புதியவர்களின் தவறு. முதலில் கவ்வும், கொஞ்ச தூரம் கொண்டு போகும், பிறகுதான் விழுங்கும். நரம்பு விரலில் ஓட ஆரம்பித்த பிறகு இழுத்தால் முள் நன்றாகப் பதியும்.

கையில் ஏறும் முள்

கெளுத்தியைக் கரையில் போட்டதும் கீர் கீர் என்று சத்தமிடும். கத்துவது வாய் அல்ல. பக்கத் துடுப்பின் முள்ளை அதன் குழியில் உராய்த்து எழுப்பும் ஒலி அது. முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று முட்களையும் விறைத்துப் பூட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் அள்ளிப் பிடித்தால் உள்ளங்கையில் ஏறிவிடும். மறுநாள் மெஷினில் கைப்பிடி பிடிக்க முடியாமல் ஒருநாள் சம்பளம் போனவர்கள் உண்டு. பழகியவர்கள் பின்புறமிருந்து கையைக் கொண்டுவந்து, பக்க முட்களுக்குப் பின்னால் விரல்களை வைத்துப் பிடிப்பார்கள். இல்லாவிட்டால் ஈரத் துணி போட்டு அமுக்கலாம்.

இவற்றில் தேளி பொல்லாதது. தேளைப் போலக் கொட்டுவதால் வந்த பெயர். குத்தினால் தாங்கக்கூடிய அளவு சூடான நீரில் கையை வைத்திருந்தால் வலி குறையும். அந்த நஞ்சு சூட்டில் வலுவிழக்கும். பச்சிலை, சுண்ணாம்பு என்று வைத்துக் காத்திராமல் டாக்டரிடம் காட்டி, உள்ளே முள் முறிந்திருக்கிறதா என்று பார்த்து, டெட்டனஸ் ஊசியும் போட்டுக்கொள்ள வேண்டும்.

எங்கே கூடாது?

மீன் பிடிப்பதைவிட முக்கியமான கேள்வி இதுதான். பெங்களூரிலிருந்து போகிறவர்களுக்குப் பழகிய இடங்கள் சங்கமம், மேக்கேதாட்டு, முத்தத்தி, பீமேஸ்வரி. இந்தப் பகுதி 1987இல் அறிவிக்கப்பட்ட காவிரி வனவிலங்கு சரணாலயத்தைச் சேர்ந்தது. ஒரு காலத்தில் இங்கே பிடித்த மகசீரை எடை போட்டுவிட்டுத் திரும்ப ஆற்றிலேயே விடும் தூண்டில் முகாம்கள் நடந்தன; வெளிநாட்டார் வந்து தங்கினார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சரணாலயத்தில் தூண்டிலுக்கு இடமில்லை என்று முடிவாகி, 2010களின் தொடக்கத்தில் அதுவும் நின்றது. அந்த முகாம்களில் வழிகாட்டிகளாக இருந்தவர்கள்தான் வெடி போட்டு மீன் பிடிப்பவர்களையும் தடுத்து வந்தார்கள், அவர்கள் போனது ஆற்றுக்கு நஷ்டம் என்று மீனியல் அறிஞர்கள் சிலர் எழுதினார்கள். அந்த வாதத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் வனக் காவலர் முன்னால் அது எடுபடாது. "எல்லோரும்தானே போடுகிறார்கள்" என்பதும் எடுபடாது. வெளி மாநிலத்துக்காரர் வழக்கில் மாட்டினால் வாய்தாவுக்கு லீவு போட்டே வேலை போய்விடும்.

சரணாலயத்துக்கு வெளியே, ஸ்ரீரங்கப்பட்டணம், திருமகூடல் நரசிப்பூர் பக்கம் போகிறவர்களும் கேட்டுக்கொண்டுதான் போட வேண்டும். ஆற்றுப் பகுதிகளிலும் ஏரிகளிலும் மீன் பிடிக்கும் உரிமையை மீன்துறை குத்தகைக்கோ லைசென்ஸுக்கோ விடுகிறது. குத்தகைதாரரிடம் ஒரு வார்த்தை கேட்டால் தூண்டில்காரரைப் பெரும்பாலும் விரட்ட மாட்டார். ரங்கனதிட்டுப் பறவைகள் சரணாலயம் அடியோடு கூடாது. கோயில் படித்துறைகளில் பக்தர்கள் பொரி போட்டு வளர்க்கும் மீன்களுக்கும் தூண்டில் போடக்கூடாது. ஹாசன் மாவட்டத்து ராமநாதபுராவில் காவிரி மீன்கள் அப்படித்தான் காக்கப்படுகின்றன.

வந்தேறி மீன்

இப்போது ஆறுகளிலும் ஏரிகளிலும் தூண்டிலில் ஏறுவது பல நேரம் நம் கெளுத்தி அல்ல, ஆப்பிரிக்கக் கெளுத்தி. சீக்கிரம் வளரும் என்று கொண்டுவந்து வளர்த்தார்கள். கையில் கிடைத்த மீனையெல்லாம் தின்னும், காற்றைச் சுவாசிக்கும், ஈரத் தரையில் ஊர்ந்து அடுத்த குட்டைக்கும் போகும். இதை வளர்க்க மத்திய அரசு 2000இல் தடை விதித்தது. தடைக்குப் பிறகும் திருட்டுத்தனமாக வளர்ப்பதும், வெள்ளத்தில் அவை தப்புவதும் நடக்கிறது. இந்த மீன் சிக்கினால் பரிதாபப்பட்டுத் திரும்ப விடக்கூடாது. அதேபோல, கண்ணாடித் தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று பிள்ளைகளுக்கு வாங்கித்தந்த கறுப்பு மீன் பெரிதாகிவிட்டால் ஏரியில் கொண்டுபோய் விடுவதும் ஆற்றுக்குச் செய்யும் கெடுதல்தான்.

நம் மீன்கள் குறைந்துகொண்டே போகின்றன. காவிரியிலும் அதன் கிளை ஆறுகளிலும் மட்டுமே வாழும் ஒரு பெரிய புள்ளிக் கெளுத்தியை 1849இல் ஜெர்டன் என்ற டாக்டர் விவரித்து எழுதினார். இன்று அது அடியோடு அழியும் நிலையில் உள்ளவற்றின் பட்டியலில் இருக்கிறது. வாளையும் ஆபத்துப் பட்டியலில் ஏறிவிட்டது. மழைக் காலத்தில் வயிறு பருத்த சினை வாளை சிக்கினால் அதை ஆற்றில் விட்டுவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் திட்டு விழும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெங்களூரின் சாக்கடையும் தொழிற்சாலைக் கழிவும் விருஷபாவதியில் சேர்ந்து, அது அர்க்காவதியில் கலந்து, அர்க்காவதி சங்கமத்தில் காவிரியைச் சேர்கிறது. அழுக்குத் தண்ணீரில் மற்ற மீன் செத்தாலும் காற்றைச் சுவாசிக்கும் தேளி போன்றவை பிழைத்திருக்கும். கழிவு ஓடும் கால்வாயிலும் நுரை ஏரியிலும் கூடை கூடையாகக் கெளுத்தி கிடைக்கிறதே என்று பிடித்துவந்து பிள்ளைகளுக்குக் குழம்பு வைப்பது ஆபத்து.

காவிரி பார்க்கச் சாது. பாறைகளுக்கு அடியில் குடைந்து வைத்திருக்கும் சுழல் கரையில் நிற்பவருக்குத் தெரியாது. மேக்கேதாட்டு, சங்கமம் பக்கம் உயிரிழந்தவர்களில் நீச்சல் தெரிந்தவர்களும் உண்டு. மேலே தண்ணீர் திறந்தால் உட்கார்ந்த பாறையே தீவாகிவிடும். முள் பாறையில் மாட்டினால் நரம்பை அறுத்துவிட வேண்டும். ஒரு முள்ளின் விலைக்காக இடுப்பளவு தண்ணீரில் இறங்கக்கூடாது. கன்னடம் படிக்கத் தெரியாதவர்கள் 'மொசளெ' என்ற ஒரு சொல்லையாவது எழுத்துக்கூட்டிப் பழகிக்கொள்வது நல்லது. முதலை என்று பொருள். அந்தப் பலகை இருக்கும் கரையில் குனிந்து கை கழுவுவதும் கூடாது.

மாலை பஸ்ஸில் திரும்புகிறபோது பையில் நாலைந்து கெளுத்தி இருந்தால் பெரிது. வீட்டில் அடுப்புச் சாம்பல் இல்லாத காலம் இது; கல் உப்பும் புளியும் போட்டுத் தேய்த்தால் வழவழப்புப் போய்விடும். முட்களை முதலில் வெட்டி எறிந்துவிட்டுப் பிறகுதான் கழுவ வேண்டும். புளியைக் கொஞ்சம் தூக்கலாகக் கரைத்து, இரண்டு கீற்று மாங்காய் போட்டு ராத்திரியே குழம்பு கூட்டி வைத்துவிட்டால், திங்கட்கிழமை டிபன் கேரியரைத் திறக்கும்போது பக்கத்து மெஷின்காரர் தட்டோடு வந்து நிற்பார்.